வாயில்லாப் பூச்சி

பகலில் பல் செய்கிறேன்.
போஸ்டொய்னாவில், ரொட்டிக் கடைக்கு மேல்மாடி,
கடைவாய்ப் பற்கள் வரிசையாய் உலையில் வேகும்.
எவர் வாய்க்கு என்று தட்டில் எழுதியிருக்கும்.
இந்த வாரம் ஸ்லாவ்கா கொரென், மேல்வரிசை, நிறம் ஏ-மூன்று:
நாற்பது வருடக் காப்பியின் நிறம்.

மே மாதக் கடைசியில் மட்டும்
ஐந்து மணிக்கு மேல் எவருக்கும் பல் கிடையாது.
மாவு சலிக்கும் சல்லடை,
மூடியில் துளையிட்ட மாத்திரை டப்பாக்கள்,
தொடை வரை ஏறும் ரப்பர் காலணி,
உனிட்சா ஆற்றில் இறங்கிவிடுவேன்.

குகைக்குள்ளிருந்து வருகிற தண்ணீர்.
வெயிலைக் கேள்விப்பட்டே இராத குளிர்.
ஒரு கல்லைப் புரட்டினால்
அடியில் ஒரு தெருவே குடியிருக்கிறது.
மணல் ஒட்டி வீடு கட்டிய புழு
வீட்டோடு நகர்கிறது, வாடகை பாக்கி வைத்தவன் போல.
தட்டையாய் அப்பிக்கொண்ட இன்னொன்று
ஆறு கால், மூன்று வால்,
என் விரலையும் ஆறென்று நம்பி
நகத்தை நோக்கி எதிர்நீச்சல் போடுகிறது.
கல்லை இருந்தபடியே திருப்பி வைக்கவேண்டும்.
ஒருமுறை வைக்காமல் வந்துவிட்டு
இரவெல்லாம் புரண்டேன்.

முதல் வருடம் பிடித்ததையெல்லாம்
ப்ளம் சாராயத்தில் போட்டேன், வீட்டில் இருந்தது அதுதான்.
ஒரே வாரத்தில் வெளுத்து
எல்லாம் ஒரே நிறம். பொய்ச்சாட்சிகள்.
அந்த வெளுப்பைப் பார்த்து முள்ளில் கட்டிய நாற்பது பூச்சியை
ஒரு டிரவுட் கூட முகர்ந்து பார்க்கவில்லை.
போகோமிர் காசைத் திருப்பிக் கேட்டான்.
கொடுத்தேன்.

இப்போது நிற அட்டையையே ஆற்றுக்குக் கொண்டுபோகிறேன்,
பல் மருத்துவருடையது: பதினாறு பல், பதினாறு வெள்ளை.
உயிரோடிருக்கும் வயிற்றருகே ஒவ்வொன்றாய் நீட்டிப் பார்ப்பேன்.
போன செவ்வாய், ஒரு பெண் ஒருநாள் பூச்சி,
ஏ-மூன்று. அச்சு அசல்.
இனி ஸ்லாவ்கா சிரித்தால்
எங்கே பார்ப்பது?

மார்புக்கு முயல் காது மயிர்.
இறக்கைக்கு வாத்தின் வாலடி இறகு, எண்ணெய் ஊறியது.
வாலுக்குச் சேவல்.
முகத்துக்கு வந்ததும் தொழில் பழகிய கை நின்றுவிடுகிறது.
வாய் இல்லை.
சிறகு முளைத்த பின் அது தின்பதில்லை,
இரண்டு வருடம் சேற்றில் தின்றதை வைத்து
ஓரிரு மாலை பறக்கிறது.
எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.
நூலை முடிச்சிட்டு அறுக்கிறேன்.

அதே செவ்வாய், இருட்டும் நேரம்
கரையேறினால் என் கார் மேல் மழை.
கை நீட்டிப் பார்த்தேன், நனையவில்லை.
சிவப்பு ரெனால்ட், ஞாயிறன்றுதான் மெழுகு தேய்த்தேன்.
நூற்றுக்கணக்கில் இறங்கி, வால் தொட்டு, எழுந்து, இறங்கி
பானெட் முழுக்க முட்டையிட்டுக்கொண்டிருந்தன.
பளபளத்தால் தண்ணீர்.
அவ்வளவுதான் அவற்றின் கணக்கு.
இருபதடி தள்ளி ஆறு
மங்கலாய் ஓடிக்கொண்டிருந்தது.

நான் மீனை ஏமாற்றுகிறவள்.
வருடத்துக்கு அறுநூறு பொய், விலை போட்டு விற்கிறேன்.
ஒரு பொய்க்கு அரைமணி, லென்ஸ், பசை, அடக்கிய மூச்சு.
இங்கே, சும்மா வண்டியை நிறுத்திப் போனதிலேயே
ஒரு ஆற்றைக் கட்டிவிட்டிருக்கிறேன்
மிக நன்றாக.

பின்சீட்டுக் கம்பளியை எடுத்துப் போர்த்தினேன்.
போர்த்துமுன், ஏ-மூன்றின் முனையால்
வழிக்க முடிந்த மட்டும் முட்டைகளை வழித்து
ஆற்றில் அலசினேன்.
பிழைக்குமா தெரியாது. பாதி நசுங்கிவிட்டது.

கம்பளியை எடுக்க மனமில்லாமல்
போகோமிரின் வேனில் ஏறி வீட்டுக்குப் போனேன்.
"எஞ்சினா?" என்றான்.
வாயில்லாப் பூச்சியாய்த் தலையாட்டினேன்.
மடியில் மாத்திரை டப்பா,
அதன் மூடித் துளையில்
ஒரு வால் நுனி, வழி நெடுக.